கோழிக்குமா பந்தி வஞ்சனை?

சதீஷ்,

போனில் சொன்னால் நீ காது கொடுத்துக் கேட்க மாட்டாய். "ம்மா, கம்பெனி லைன்ல இருக்கேன், பிரேக்ல கூப்புடுறேன்" என்பாய். பிரேக்கில் கூப்பிட்டால் சாப்பிட்டாயா, அப்பா சாப்பிட்டாரா, அங்கே மழையா என்று கேட்பாய்; நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் வருகிறார் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் வேலையெல்லாம் போட்டது போட்டபடி கிடக்க, உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, போட்டோ எடுத்து அனுப்புவேன். முழுசாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டைவிரல் பொம்மை ஒன்றைத் தட்டி அனுப்பினாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிவிட்டேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குஜராத் பிளாண்டிலேயே நிரந்தரமாக இருந்துகொள்கிறேன் என்று இந்த மாதக் கடைசியில் கையெழுத்துப் போடப் போகிறாய் அல்லவா? இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் போடாதே. படித்த பிறகு உன் இஷ்டம். நம் கோழிகளுக்கு நீ அரைத்த பொடி பலிக்கவில்லை என்றுதானே மனசு விட்டுப்போய்க் கிளம்பினாய்? அது பலித்ததா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. இருக்க முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி.

இந்தக் கூத்து எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மணிமங்கலம் வரைக்கும் போய் நாட்டுக்கோழி வாங்கிக்கொண்டு வந்து குழம்பு வைத்தேன். தட்டில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "நம்ம ஷெட்ல அவ்ளோ கோழி இருக்கு, நீ இன்னாத்துக்கும்மா பஸ் ஏறிப் போய் கோழி வாங்கினு வர?" உன் அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேரப்பணஞ்சேரியில் வீட்டை ஒட்டி ஷெட் போட்ட நாளிலிருந்து நம் கோழியை நாம் சாப்பிட்டதே இல்லை. தீவனத்தில் வளர்ச்சி மருந்து, தண்ணீரில் சளி மருந்து, கழிச்சலுக்கு இன்னொரு மருந்து. பிடிப்பதற்கு முன்னால் மருந்தையெல்லாம் நிறுத்திவிட வேண்டும் என்று கால்நடை டாக்டர் சொல்லுவார், நாமும் யோக்கியமாக நிறுத்துவோம். ஆனாலும் டேங்கில் ஊற்றுகிற கைக்குத் தெரியுமே, வாயில் வைக்க மனசு வராது. ஊராருக்கு விற்கலாம், நாம் மட்டும் தின்ன மாட்டோமா என்று நீ கேட்டாய். கேட்டது நியாயம்தான். நியாயமாகக் கேட்டால் எனக்குக் கோபம் வரும் என்பது உனக்குத் தெரியாதா என்ன. "வாய மூடிகினு சாப்புடு" என்றேன்.

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாய். மறு ஞாயிற்றுக்கிழமை, மருந்துக்குப் பதிலாகத் தீவனத்தில் கலக்க மூலிகைப் பொடி அரைக்கிறேன் என்று என் மிக்ஸியைப் பிடித்துக்கொண்டாய். ஐயோ, அந்த மிக்ஸி. பூண்டை உரித்து, காயவைத்து, அரைத்து, அந்த ஜாரை நீ எத்தனை தடவை கழுவி வைத்தாலும் நான் அரைத்த தேங்காய்ச் சட்னியில் பூண்டு, ஏலக்காய்ப் பொடியில் பூண்டு. மாடியில் குடியிருக்கிற பையன்களுக்கு நான்தான் காலைச் சாப்பாடு போடுகிறேன், திருநெல்வேலிப் பக்கத்து மாரிமுத்து ஒரு வாய் பாயசம் குடித்துவிட்டு, "ஏம்மா, ஒங்க ஊர்ல பாயசத்துக்கும் பூண்டு போடுவாவளோ?" என்று கேட்டான். எனக்கு மானம் போயிற்று. அப்புறம் கீழாநெல்லி என்று வரப்பெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தாய். மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு செகண்ட் ஷிப்டுக்குப் போய்விட்டாய், மழை வந்தது, நான் எதை விட்டு எதை எடுக்க ஓடுவேன்? பூசணம் பிடித்த தழையைத் திரும்பக் காயவைத்து அரைக்கலாமா என்று உன் அப்பா கேட்டார். பூசணம் பிடித்ததைப் போட்டால் மருந்துக்குப் பதில் விஷம் என்று அவர் மேல் நீ பாய்ந்தாய். நான் பாய வேண்டியது, நீ முந்திக்கொண்டாய்.

முதல் தடவை வேப்பிலையையும் நிலவேம்பையும் அள்ளிப் போட்டாயே, அதை மறந்திருக்க மாட்டாய். குஞ்சுகள் ஒரு கொத்து கொத்திவிட்டு, தலையை உதறி, தீவனத்தைக் கால்களால் கிளறிக் கொட்டின. கசப்பு. எந்தப் பிள்ளைதான் தின்னும்? உனக்கே சின்ன வயசில் வேப்பங்கொழுந்து கொடுக்க நான் மூக்கைப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு நீ தீவன மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னதுதான் இந்தக் கூத்திலேயே எனக்குப் பிடித்த பேச்சு. "இயற்கைன்னு சொல்லி அள்ளிப் போடக் கூடாதும்மா. இதுக்கும் அளவு இருக்கு. பூண்டையே ஜாஸ்தியா போட்டா ரத்தம் கெட்டுப் போவும்." அதற்கப்புறம் வேம்பை எடுத்துவிட்டாய். பூண்டும் மஞ்சளும் இஞ்சியும் கீழாநெல்லியும், மஞ்சள் உடம்பில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் மிளகும் என்று நிறுத்திக்கொண்டாய். மொத்தமாக மூட்டையில் கொட்டிக் கிளறாமல், முதலில் ஒரு முறம் மக்காச்சோள மாவில் பொடியைக் கலந்து, அந்த மாவை மூட்டையில் கலந்தாய். தடுப்பு மருந்தை மட்டும் விடவே மாட்டேன், பொடி சாப்பாடுதானே தவிர ஊசிக்குப் பதில் ஆகாது என்றாய். பிள்ளைக்குப் புத்தி இருக்கிறது என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. சொன்னால் உன் தலை ஷெட் கூரையில் இடிக்கும்.

தை மாசத்து பேட்ச்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. நன்றாக வந்து தொலைத்தது. வளர்ச்சி மருந்து இல்லாத தீவனம், உன் பொடி. சாவு குறைவு, சளி இல்லை, தரையில் பரப்பின உமி காய்ந்து பொலபொலவென்று இருந்தது. வண்டி கொண்டுவந்த வியாபாரியே ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மா போட்ட இதுக்கு, கல்லு மாதிரி கீது?" என்று கேட்டார். அவ்வளவுதான், உனக்குக் கால் தரையில் பாவவில்லை. பென்னலூர்ப் பண்ணைக்காரர்கள் பொடி கேட்கிறார்கள், பேர் வைக்க வேண்டும், ஸ்டிக்கர் அடிக்க வேண்டும் என்று ஆரம்பித்தாய். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில், "பேப்பர் போட்டுடலாம்னு இருக்கேன்ம்மா" என்றாய், வேலையை விடுகிறாயாம். நீ வேலை பார்க்கிற ஒரகடத்தில் அந்த வேலைக்காகத் தெற்கத்திப் பிள்ளைகள் ஊரை விட்டு வந்து, ஒரு ரூமில் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டு, பர்மனென்ட் ஆவோமா என்று ஏங்கிக் கிடக்கிறார்கள். நம் வீட்டு மாடியிலேயே கிடக்கிறார்கள். பர்மனென்ட் ஆன நீ பூண்டுப் பொடி விற்கப் போகிறேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். "பொடியால வந்துச்சா அது? தை மாசம்டா, மழை விட்டுப்போச்சு, வெயிலும் இல்ல. உமி புதுசு. நான் சுண்ணாம்பு அடிச்சி ஷெட்டை காயப் போட்டு வெச்சிருந்தேன். இடம் தாராளமா விட்டோம். இதுல எதால வளந்துச்சுன்னு உனுக்கு இன்னா தெரியும்?" என்றேன். நீ கோபப்படுவாய் என்று பார்த்தால் யோசிக்க ஆரம்பித்துவிட்டாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது. சண்டை போடுகிறவளுக்கு எதிராளி நியாயம் பேசினால் கை கால் ஓடாது. "நீ சொல்றது கரெக்ட்தான்ம்மா. எங்க லைன்லயும் நாலு செட்டிங்கை ஒண்ணா மாத்திட்டு எது வேலை செஞ்சுதுன்னு சொன்னா மேனேஜர் தொரத்திடுவாரு. ஒண்ணை மட்டும் மாத்திப் பாக்கணும்" என்றாய்.

அப்படித்தான் ஆடி மாசத்து பேட்சில் ஷெட்டுக்கு நடுவில் வலை வந்தது. ஒரே குஞ்சு, ஒரே தீவனம், ஒரே தண்ணீர், ஒரே உமி. இந்தப் பக்கத்துக்குப் பொடி, அந்தப் பக்கத்துக்குக் கிடையாது. பொடி போடுகிற தொட்டிகளுக்குப் பச்சைக் கயிறு, போடாத தொட்டிகளுக்குச் சிவப்புக் கயிறு. தொட்டியெல்லாம் புதுசாக வெள்ளையில் வாங்கினாய். காலையில் தீவனம் வைப்பது உன் அப்பா பொறுப்பு, ஏனென்றால் அந்த நேரத்தில் நீ ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸிலோ தூக்கத்திலோ இருப்பாய், நான் மாடிப் பையன்களுக்கு இட்லி ஊற்றிக்கொண்டு இருப்பேன். அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதைப்போல் சொன்னாய்: "ப்பா, பச்சைக்கு மட்டும்தான். சிவப்புக்கு ஒரு சிட்டிகை கூட போவக் கூடாது." அவர் தலையாட்டினார். உன் அப்பா தலையாட்டினால் நான் பயப்பட வேண்டும் என்று இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தின எனக்குத் தெரிய வேண்டாமா? என் மண்டையிலும் அப்போது உறைக்கவில்லை.

நடுவில் ஒருநாள், "ம்மா, பொடி சீக்கிரமா தீந்து போவுது, டப்பாவை தொறந்து வெச்சிட்டியா?" என்று கேட்டாய். நான் எலிதான் என்றேன். எலிப்பொறி வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். அதில் எலி விழவில்லை, என் கால் கட்டைவிரல்தான் மாட்டிக்கொண்டது. உன் அப்பா மஞ்சள் அரைத்துக் கட்டிவிட்டார். அவ்வளவு அக்கறை அன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

எடை போட்ட நாளை நான் சொல்ல வேண்டாம், ஆனாலும் சொல்லுகிறேன். நீ லீவு போட்டுவிட்டு வந்தாய். மாரிமுத்து தராசு பிடித்தான். பச்சைப் பக்கத்துக் கோழி, சிவப்புப் பக்கத்துக் கோழி என்று மாற்றி மாற்றி நிறுத்தாய். கொஞ்ச நேரத்தில் உன் முகம் செத்துப்போயிற்று. மாரிமுத்துதான் முதலில் வாயைத் திறந்தான்: "என்னண்ணே, ரெண்டு பக்கமும் ஒண்ணு போலல்லா இருக்கு." சாவும் ஒன்று போல, எடையும் ஒன்று போல. நீ அடித்து வைத்திருந்த ஸ்டிக்கர் கட்டைப் பரண் மேல் போட்டாய், மிச்சம் இருந்த பொடியை எருக்குழியில் கொட்டினாய், கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஒத்துக்கறேன்ம்மா. நீ சொன்னதுதான் கரெக்ட்" என்றாய். நான் அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றேன். சொன்னது மட்டுமா, அன்றைக்கு வடை சுட்டேன். பிள்ளைக்குப் பைத்தியம் தெளிந்தது, வேலையோடு இருப்பான், பெண் பார்க்கலாம் என்று எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டு கணக்குப் போட்டேன். மறுநாளே வந்து, குஜராத்துக்கு ஆள் கேட்கிறார்கள், போகிறேன் என்று சொல்லிவிட்டேன் என்றாய். அந்த வடையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஏன்டா, ஒரு தடவை எடை ஒத்துப்போனதற்கு ஊரை விட்டே ஓடுவார்களா? நீ பேப்பர் போடக் கூடாது என்றுதான் நான் மல்லுக்கு நின்றேன். ஒரகடம் போய்விட்டு சாயங்காலம் வீட்டுக்கு வருகிற பிள்ளைக்காகத்தான் மல்லுக்கு நின்றேன். வீட்டையே காலி பண்ணிக்கொண்டு போ என்று எந்த நாளில் சொன்னேன்? "இங்க இருந்தா ஷெட்டைப் பாக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும்" என்றாய். ரயில் ஏறுகிறபோது உன் அப்பா உன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார், ரயில் நகருகிற வரைக்கும் ஜன்னல் கம்பியை விடவில்லை. பிள்ளை போகிற துக்கம் என்று நானும் பாவம் பார்த்தேன். பாவமாவது, மண்ணாவது.

நீ போன பிறகு எனக்கு ஷெட் பக்கம் போகவே பிடிக்கவில்லை. பழைய உமியை ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். தொட்டி கழுவுகிற வேலை மட்டும் கிடந்தது. வியாழக்கிழமை புதுக் குஞ்சு வருகிறது, இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று நேற்றுக் காலையில் வாளியில் சோப்புத்தூளைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பச்சைக் கயிறு தொட்டியில் தண்ணீரை ஊற்றினேன், அடியெல்லாம் செக்கச்செவேல் என்று சிவந்தது. மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும், சேலையில் குழம்பு சிந்தின எந்தப் பொம்பளைக்கும் தெரியும். அதில் ஒன்றும் இல்லை. அப்புறம் சிவப்புக் கயிறு தொட்டி ஒன்றை இழுத்தேன். ஊற்றினேன். அதுவும் சிவந்தது. தொட்டி மாறிப்போச்சோ என்று கயிற்றைப் பார்த்தேன். இன்னொன்றை இழுத்தேன், இன்னொன்று. ஒரு மஞ்சள் துகள் கூடப் படக் கூடாத தொட்டிகள், ஒவ்வொன்றும் ஆரத்திக்கு ஆலம் கரைத்ததைப்போல் சிவந்துகொண்டு வந்தது. ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பா கேட்டில் வாட்ச்மேன் டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றினார். "ஏங்க, இங்க வாங்க" என்றேன். என் குரலிலேயே ஆள் பாதி ஆகிவிட்டார். தொட்டியைக் காட்டினேன்.

"இன்னா இது?"

"தொட்டி."

"தொட்டின்னு எனுக்குத் தெரியும். சிவப்பு கயிறு தொட்டில மஞ்சள் எப்டி வந்துச்சு?"

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம் உடைந்துவிட்டார். "அதுங்க வலையாண்ட வந்து நின்னுகினு இந்தப் பக்கமே பாக்குதும்மே. இதுங்களுக்கு மட்டும் வாசனையா போடறேன், அதுங்க மூஞ்ச தூக்கிகினு நிக்குது. நான் இன்னா பண்ணுவேன்? லேசா, ரெண்டு பிடி. அவ்ளோதான்."

"தினமுமா?"

"தினமும்தான். பந்தி வஞ்சனை பண்ணா எனுக்குச் சோறு எறங்குமா?"

சதீஷ், நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. கையில் இருந்த பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தேன், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. உனக்குத் தெரியாததா, ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறபோது அகப்பை இவர் கையில்தான் இருக்கும். வரிசையில் நிற்கிறவன் ஊர்க்காரனா, பீகாரில் இருந்து வந்த பையனா, கடன் கேட்டு அலைய விட்டவனா, எதுவும் பார்க்க மாட்டார். ஆளுக்கு ஒரே அளவு, அதே வெங்காயம், அதே கருவாட்டுக் குழம்பு. ஒருத்தருக்கு ஊற்றி ஒருத்தரைப் பார்க்க வைத்தால் அம்மன் மன்னிக்க மாட்டாள் என்பார். ஊரே அதற்காகத்தான் அவரைக் கூப்பிடுகிறது. அந்த மனுஷன் கையில் போய், பாதிக் கோழிக்குப் போடு, பாதிக் கோழிக்குப் போடாதே என்று டப்பாவைக் கொடுத்திருக்கிறோமே, நம் இரண்டு பேரையும் எதால் அடிப்பது? அதுவும் ஆடி மாசத்தில்! கோயிலில் அகப்பையைப் பிடித்துவிட்டு வந்த கை, ஷெட்டில் மட்டும் ஓரவஞ்சனை பண்ணுமா?

சத்தம் கேட்டு மாரிமுத்து மாடியிலிருந்து இறங்கி வந்தான். அவனுக்கு நைட் ஷிப்ட், அதனால் காலையில் வீட்டில்தான் இருந்தான். "அம்மா, அய்யா ரெண்டு பக்கமும் போடுதத நான் தெனமும் மாடியில இருந்து பாத்தேன். அதுதான் மொறைன்னுல்லா நெனச்சேன்" என்றான். எடை போடுகிற அன்றைக்கு அதைச் சொல்லித் தொலைப்பதற்கு என்னடா என்று கேட்டேன். "யாரும் கேக்கலியேம்மா" என்கிறான். இந்த வீட்டில் நான் யாரை வைத்துக்கொண்டு குடித்தனம் பண்ணுகிறேன் பார்.

அப்புறம் உன் அப்பா சாப்பிடவில்லை. "அவன் ரயிலேறுறப்போ சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா அந்த வேலையையும் உட்டுடுவான், நீ என்னைத்தான் திட்டுவ. சொல்லலன்னா புள்ள தோத்துப்போயிட்டோம்னே நெனச்சிகினு கெடப்பான். எதைச் சொல்றதுன்னே தெரியல" என்றார். அதற்கு மேல் அவரை என்ன திட்டுவது? எனக்கும் அதே இக்கட்டுதான் இப்போது. நான் சும்மா இருந்தால் உனக்கு நிரந்தர வேலை, நல்ல கம்பெனி, பொடிப் பைத்தியம் தெளிந்த பிள்ளை. நான் வேண்டிக்கொண்டது அத்தனையும் நடக்கிறது. ஆனால் நீ நேர்மையாக எடை போட்டு, நேர்மையாகத் தோற்றுவிட்டதாக ஒத்துக்கொண்டு போனாயே, அந்த நேர்மைக்கு நாங்கள் பொய்யைப் போட்டு அனுப்பியிருக்கிறோம். அதை வைத்துக்கொண்டு உனக்கு ஒரு வாய் சோறு போட என்னால் முடியாது. பெற்றவள் நான், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதனால் சொல்லுகிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். உன் பொடி நல்லது என்று நான் சொல்லவில்லை. உன் அப்பா அளவு பார்த்தா போட்டிருப்பார், கைக்கு வந்ததைப் போட்டிருப்பார். இரண்டு பக்கமும் பொடி தின்றது, இரண்டு பக்கமும் ஒன்று போல வளர்ந்தது, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். பொடி இல்லாமலேயே அப்படித்தான் வளர்ந்திருக்குமா? இருக்கலாம். தை மாசத்துக் குளிரும் என் சுண்ணாம்பும்தான் காரணமா? அதுவும் இருக்கலாம், நான் இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பது வேறு, தெரிவது வேறு என்று என்னிடம் பாடம் நடத்தினவன் நீதானே. தெரியாத ஒன்றைத் தெரிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு அவ்வளவு தூரத்தில் போய் உட்காராதே. உன்னை இங்கே இழுப்பதற்காக நான் கதை கட்டுகிறேன் என்று தோன்றினால் மாரிமுத்துவுக்கு போன் போட்டுக் கேள். அவன் பொய் சொல்ல மாட்டான், கேட்டால்தான் சொல்லுவான் என்பதுதான் கஷ்டம்.

நடுவலையை நான் அவிழ்க்கவில்லை. வியாழக்கிழமை வருகிற குஞ்சை இரண்டு பக்கமும் பிரித்து விடப் போகிறேன். பொடியை நானே அரைக்கிறேன், அளவு மட்டும் எழுதி அனுப்பு. மிக்ஸிக்குப் புது ஜார் ஒன்று வாங்கிவிட்டேன், பாயசத்துக்கு ஆபத்து இல்லை. காலைத் தீவனம் இனி என் பொறுப்பு. மாடிப் பையன்களுக்கு உன் அப்பா இட்லி ஊற்றட்டும், அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் சமமாகப் பரிமாறட்டும். பொடி டப்பாவுக்குப் பூட்டு போட்டு, சாவியைத் தாலிக் கயிற்றில் கோர்த்துவிட்டேன். அந்தக் குஞ்சுகள் வலை ஓரத்தில் வந்து நின்று என்னைப் பார்க்கும்போது எனக்கும் கை நீளும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்புக் கயிறு பக்கத்துக்கு வெறும் தீவனத்தைக் கொட்டுவேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பந்தி வஞ்சனை பண்ணப் போகிறேன், உனக்காகத்தான், மறந்துவிடாதே.

பேப்பர் போடச் சொல்லவில்லை, அதை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு மூட்டையைக் கட்டிவிடுவாய். மேனேஜரிடம் ஒரு மாதம் அவகாசம் கேள். எடை போடுகிற அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நீயே தராசைப் பிடி. பொடி ஜெயித்தால் உட்கார்ந்து பேசுவோம். அப்போதும் நான் கத்துவேன், அது வேறு விஷயம். இரண்டு பக்கமும் திரும்ப ஒன்று போலவே வந்தால், அப்போது போய்க் கையெழுத்துப் போடு, தடுக்க மாட்டேன். நான் அப்பவே சொன்னேன் என்று வாயைத் திறக்க மாட்டேன், வடையும் சுட மாட்டேன். எப்படி வந்தாலும் அந்தக் கோழியில் ஒன்றை எடுத்து நம் வீட்டு அடுப்பில் குழம்பு வைக்கிறேன். நாமே சாப்பிடுவோம்.

தொட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். சிவப்புக் கயிறு கட்டின ஒன்றை மட்டும், கழுவாமல், அடியில் மஞ்சள் அப்பினது அப்படியே பரண் மேல் உன் ஸ்டிக்கர் கட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அழுக்குத் தொட்டியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. சீக்கிரம் வந்து, நீயே சோப்புத் தண்ணீரை ஊற்றிப் பார்.

அம்மா